மூன்று பொறிகளுக்கு ஒரு கட்டளை: லேபல் அச்சிடலில் ‘கப்ஸ்’ – ஒரு மதிப்பீடு

கறித்தூள், ஒடியல்மா, மோர்மிளகாய், பனங்கட்டி, நல்லெண்ணெய் என்று யாழ்ப்பாணத்துச் சமையலறைப் பொருள்களைப் பொதியிட்டு விற்கும் ஒரு சிறு நிறுவனம் மருதனார்மடத்துக்கு அண்மையில் இருக்கிறது. அதன் கணினி வேலைகளை நான் கவனித்து வருகிறேன். அங்கே லேபல் அச்சிடுவதற்கு, லினக்ஸில் இயங்கும் ‘கப்ஸ்’ என்ற அச்சு முறைமையைக் கணிசமான காலமாகப் பயன்படுத்துகிறோம். அதன் எல்லா அம்சங்களையும் இங்கே எடைபோடப் போவதில்லை. ஓர் அச்சுப் பணியை, இன்ன பொறிக்குத்தான் போக வேண்டும் என்று கட்டளையிலேயே பெயர் குறித்து அனுப்பும் வசதி அதில் எவ்வளவு நம்பகமானது என்பது மட்டுமே இந்த மதிப்பீட்டின் பொருள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்பும் வேலையில் அதற்குக் குறை சொல்ல இடமில்லை, அனுப்பியது லேபலாக வெளியே வந்ததா என்று அறியும் வேலையில் அதற்குப் பாதிப் பார்வைதான் உண்டு.

எங்களிடம் மூன்று லேபல் பொறிகள் உள்ளன. ஒன்று, 50 மில்லிமீற்றர் அகலமும் 25 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட விலை லேபல்களை, சூடு பட்டால் கறுக்கும் தாளில் ரிபன் என்ற மை நாடா இல்லாமலே அடிப்பது. மற்றொன்று, நல்லெண்ணெய்ப் போத்தல்களுக்கான ரிபன் பொறி. எண்ணெய்க் கை பட்டாலும் கடை வாசலில் வெயில் பட்டாலும் சூட்டுத் தாளின் எழுத்து மங்கிவிடும் என்பதால் போத்தலுக்கு ரிபனை விட்டால் வேறு வழியில்லை. மூன்றாவது, கொழும்புக்கு லொறியில் ஏறும் பெட்டிகளுக்கு நாலுக்கு ஆறு அங்குல லேபல் அடிப்பது. விலைப் பொறியும் பெட்டிப் பொறியும் அங்குலத்துக்கு 203 புள்ளி இடுபவை. போத்தல் பொறி 300 புள்ளி இடுவது.

பணி எந்தப் பொறிக்குப் போகிறது என்பது வெறும் வசதி பற்றிய விடயம் அன்று என்பதை இந்தப் புள்ளிக் கணக்கே காட்டும். லேபலில் எதை எங்கே அச்சிட வேண்டும் என்று பொறிக்குச் சொல்லும், ஸீப்ரா நிறுவனப் பொறிகளின் இசட்.பி.எல். போன்ற லேபல் மொழிகளில் எழுத்தும் பார்கோட்டும் நிற்கும் இடம் புள்ளிக் கணக்கில்தான் குறிக்கப்படுகிறது. 203 புள்ளிப் பொறியில் ஒரு மில்லிமீற்றருக்கு 8 புள்ளி. ஆகவே 50 மில்லிமீற்றர் லேபலின் அகலம் 400 புள்ளி. அதே கோப்பு தவறி 300 புள்ளிப் பொறிக்குப் போனால், அந்த 400 புள்ளியும் ஏறத்தாழ 34 மில்லிமீற்றருக்குள் ஒடுங்கிவிடும். பார்கோட்டின் மிக மெல்லிய கோட்டுக்கு மூன்று புள்ளி கொடுத்திருந்தால், முதற்பொறியில் அதன் தடிப்பு 0.375 மில்லிமீற்றராகவும் மற்றதில் 0.254 மில்லிமீற்றராகவும் இருக்கும். கடைகளில் வழங்கும் 13 இலக்கப் பார்கோட்டுக்கு நியமத் தடிப்பு 0.33 மில்லிமீற்றர், அதன் 80 வீதத்துக்குக் கீழே, அதாவது 0.264 மில்லிமீற்றருக்குக் கீழே, குறைக்கக் கூடாது என்பது விதி. ஆக, இலங்கைக்குரிய 479 என்ற எண்ணில் தொடங்கும் அந்தப் பார்கோட் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். சுப்பர் மார்க்கட் காசாளரின் கையிலுள்ள கருவி மட்டும் அதை ஒருமுறை படிக்கும், மறுமுறை படிக்க மறுக்கும். பொருள் திரும்பி வரும்போதுதான் எங்களுக்குத் தெரியவரும்.

முன்பு நாங்கள் வைத்திருந்த கணக்கு மென்பொருள், அதன் பெயர் இங்கே வேண்டாம், எந்த லேபலானாலும் அந்தக் கணினிக்குப் பொதுப் பொறியாக அப்போது எது நியமிக்கப்பட்டிருக்கிறதோ அதற்கே அனுப்பிவிடும். பொறியைத் தெரிவுசெய்யும் பெட்டி திரையில் தோன்றும். ஆனால் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் அவசரத்தில் அதை யார் பார்ப்பார்கள்? “தம்பி, எண்ணெய் லேபல் பெட்டி மெசினிலை வருகுது, நிப்பாட்டுங்கோ” என்று பொதியிடும் அறையிலிருந்து அக்காமார் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டிருந்தது. மனிதர் தெரிவுசெய்ய வேண்டிய இடத்தையே இல்லாமல் செய்து, எந்த லேபலுக்கு எந்தப் பொறி என்பதைக் கட்டளைக்குள் எழுதிவைப்பது என்று முடிவெடுத்தது அதன் பின்னர்தான்.

கப்ஸில் இதற்கான கட்டளை ‘எல்பி’. விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டியவற்றை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன்:

எல்பி -டி போத்தல் -ஓ ரோ எண்ணெய்.இசட்பிஎல்

‘-டி’ என்பதற்குப் பின்னால் வருவது பொறியின் பெயர். ‘-ஓ ரோ’ என்பது, கோப்பை இடையில் எந்த வடிகட்டியும் தொடாமல் உள்ளபடியே பொறிக்குக் கொடு என்பதற்கான குறிப்பு. இயக்கியோடு, அதாவது கோப்பைப் பொறிக்கேற்ப மாற்றிக்கொடுக்கும் மென்பொருளோடு, நிறுவிய வரிசையில் (ஒரு பொறியின் பெயரில் பணிகள் காத்திருக்கும் இடம்) இதை மறந்தால், லேபலுக்குப் பதிலாக, லேபலை வரைவதற்கான கட்டளை வரிகளே எழுத்துகளாக அச்சாகி றோல் றோலாக ஓடும் காட்சியைப் பார்க்கலாம். கட்டளை ஏற்கப்பட்டவுடன் ‘போத்தல்-118’ என்பது போல, பொறியின் பெயரையும் பணி எண்ணையும் சேர்த்து ஒரு பதில் வருகிறது. சிறிய விடயந்தான், ஆனால் பதிவேட்டில் பின்னர் தேடும்போது எந்தப் பணி எங்கே போனது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

இந்த முறைமையில் எனக்கு மிகவும் பிடித்த குணம், பெயர் பிழையானால் அது காட்டும் பிடிவாதம். ‘போத்தல்’ என்பதற்கு ஓர் எழுத்துக் குறைத்துத் தட்டினால், ‘அப்படியொரு பொறியோ தொகுதியோ இல்லை’ என்று சொல்லிப் பணியைத் திருப்பிவிடுகிறது. சரி, இருக்கிற ஏதோவொன்றுக்கு அனுப்பிவிடுவோம் என்று தன்னிச்சையாக முடிவெடுப்பதில்லை. லேபல் அறையில் அச்சாகாத லேபலால் வரும் நட்டம் சில நிமிடங்கள்; பிழையான இடத்தில் அச்சான லேபலால் வரும் நட்டம் ஒரு றோலும் சில வேளை ஒரு வாடிக்கையாளரும். ‘-டி’ யையே எழுத மறந்தால் மட்டும் ஆபத்து உண்டு: அப்போது கட்டளை ஓடும் சூழலுக்கென முன்பே எழுதிவைக்கும் ‘சூழல் மாறி’களில் குறித்த பொறியையும், பயனருக்கென நியமித்த பொறியையும், அதன்பின் சேவையகத்தின் பொதுப் பொறியையும் முறைமை தேடிச் செல்லும். ஆகவே பொதுப் பொறி என்று எதையுமே நியமிக்காமல் விட்டிருக்கிறோம். பெயரில்லாமல் வரும் பணிக்குப் போக இடமில்லை என்ற பிழைச் செய்தி வருகிறது. அதுதான் எங்களுக்குத் தேவையானதும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இடைவெளி, சாய்கோடு, ‘#’ குறி ஆகியவை பொறியின் பெயரில் வரக் கூடாது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை முறைமை கணக்கில் எடுப்பதில்லை. உற்பத்தியாளர் பெயரையும் மாதிரி எண்ணையும் சேர்த்துக் கணினி தானாகவே பரிந்துரைக்கும் நீண்ட பெயரை ஏற்காமல், செய்யும் வேலையைக் கொண்டு பெயரிடுவதே நல்லது. பொறி பழுதாகி வேறு மாதிரி வாங்கினாலும் ‘போத்தல்’ போத்தலாகவே இருக்கும். கட்டளை எழுதிய கோப்புகளில் ஒன்றையும் மாற்ற வேண்டியிராது.

பொறியைச் சேர்ப்பது ‘எல்பிஅட்மின்’ என்ற கட்டளையால். வலையமைப்பில் உள்ள லேபல் பொறிகள் பொதுவாக 9100 என்ற வாயிலில் (போர்ட்) தரவை ஏற்றுக்கொள்வதால், பொறியின் ஐ.பி. முகவரியையும் அந்த எண்ணையும் கொடுத்தால் போதும். ஆனால் அந்த முகவரி மாறாதபடி வழிப்படுத்தியில் (ரவுட்டர்) நிலைநிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்த பின்னர் பெயர் ஓரிடமும் பொறி வேறிடமுமாகிவிடும். யு.எஸ்.பி. வழியாக இணைத்தால், ஒரே மாதிரியான இரு பொறிகளைத் தொடர் எண்ணைக் கொண்டுதான் கப்ஸ் பிரித்தறிகிறது. தொடர் எண்ணை ஒழுங்காகச் சொல்லாத மலிவான பொறிகள் இரண்டை ஒரே கணினியில் பூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தக் கட்டளையில் புதியவர்களை வழுக்கிவிடும் இடம் ஒன்று உண்டு: ‘-இ’ என்ற குறி பொறியின் பெயருக்கு முன்னால் வந்தால் இணைப்பை மறைகுறியாக்கு என்றும், பின்னால் வந்தால் பொறியை இயங்கச் செய் என்றும் பொருள்படும். ஒரே எழுத்துக்கு இடத்தைப் பொறுத்து இரண்டு வேலை கொடுத்தவரை மன்னிப்பது கடினம்.

பிரதிகளின் எண்ணிக்கையை ‘-என்’ என்ற குறியால் கொடுக்கலாம். ஆனாலும் லேபல் மொழியிலேயே எண்ணிக்கைக்கு ஒரு கட்டளை இருக்கும்போது அதையே பயன்படுத்துவது நல்லது; பொறி லேபலை ஒருமுறை அமைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப அடிக்கும், அதனால் இடையில் தயங்கி நிற்காது.

தமிழ் எழுத்தில்தான் எங்களுக்கு அதிக வேலை வந்தது. சாதாரண லேபல் பொறிகளுக்குள் இருக்கும் எழுத்துருக்கள் ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் போதும். தமிழ் எழுத்துரு ஒன்றைப் பொறிக்குள் ஏற்றினாலும், அது குறியீடுகளை வந்த வரிசையில் அடுக்கத்தான் அறியும். ‘கொ’ என்பதில் ககரத்தின் முன்னும் பின்னும் குறி வர வேண்டும் என்ற ஒழுங்கை அறியாது. ‘கொத்தமல்லி’ என்ற சொல் முதல் எழுத்திலேயே குலைந்துபோகும். எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கணினியில் முடித்து, லேபல் முழுவதையும் படமாகப் பொறிக்கு அனுப்புவதே இதற்கு வழி. கப்ஸ் இங்கே மிக நன்றாகக் கைகொடுக்கிறது. ஒரே பொறியை இரண்டு பெயரில் அது நிறுவ விடுகிறது: ‘போத்தல்’ என்ற பெயரில் வருவது உள்ளபடியே போகும்; ‘போத்தல்_தமிழ்’ என்ற பெயரில் வரும் பி.டி.எஃப். கோப்பு, ஸீப்ரா வகைப் பொறிகளுக்காகக் கப்ஸோடு சேர்ந்தே வரும் இயக்கியின் வழியாகப் படமாக மாறிப் போகும். விலையும் பார்கோட்டும் மட்டும் உள்ளவை முதற்பெயருக்கும், உள்ளடக்கப் பட்டியல் உள்ளவை இரண்டாவது பெயருக்கும் போகின்றன. உள்ளடக்கப் பட்டியலுக்கு 300 புள்ளிப் பொறியை ஒதுக்கியதற்கும் தமிழ்தான் காரணம். ஆறு ‘பொயின்ற்’ எழுத்தளவில் ஓர் எழுத்தின் முழு உயரமே 203 பொறியில் ஏறத்தாழ 17 புள்ளிதான். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். ‘ண’ கரத்தின் சுழிகள் மையால் நிரம்பி ‘ன’ கரம் போலத் தெரியும். மிளகாய்த்தூள் லேபலில் வாடிக்கையாளர் உருப்பெருக்கிக் கண்ணாடி தேட வேண்டியிருக்கக் கூடாது.

பணியைக் குறித்த நேரம்வரை நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு. ‘-எச்’ என்ற குறியோடு நேரத்தைக் கொடுத்தால் அந்த நேரத்தில் அச்சு தொடங்கும். இதிலுள்ள நேரம் உள்ளூர் நேரமன்று, யு.ரி.சி. எனப்படும் உலகப் பொது நேரம். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது, காலை 6.00 மணிக்கு அன்றைய திகதியோடு விலை லேபல் அடிக்க வேண்டுமானால் 00:30 என்று கொடுக்க வேண்டும். கட்டளைக் கையேட்டில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கையேட்டை யார் படிக்கிறார்கள்? ஒரு பொறி நின்றுவிட்டால் அதன் வரிசையில் காத்திருக்கும் பணிகளை ‘எல்பிமூவ்’ என்ற கட்டளையால் வேறொரு பெயருக்கு மாற்றிவிடலாம் என்பதும் பயனுள்ளது. விலைப் பொறியின் அச்சுத் தலை தேய்ந்தபோது, பெட்டிப் பொறியில் சிறிய றோலை மாட்டிவிட்டு, காத்திருந்தவற்றை ஒரே வரியில் அங்கே திருப்பினோம். இரண்டும் 203 என்பதால் அளவு கெடவில்லை.

இனிக் குறைகள். கப்ஸின் பதிவேட்டில் ஒரு பணி ‘முடிந்தது’ என்று வந்தால், தரவு பொறியிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். றோல் தீர்ந்திருக்கலாம், ரிபன் அறுந்திருக்கலாம், மூடி திறந்திருக்கலாம். 9100 வாயிலில் உள்ளபடியே அனுப்பும்போது, பொறி தன் நினைவகத்தில் தரவை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். பொறியின் நிலையைக் கேட்பதற்கு லேபல் மொழிகளிலேயே தனிக் கட்டளை உண்டு. ஆனால் அதைக் கேட்டுப் பதிலைப் படிக்கும் வேலையை நாங்களே ஒரு சிறு நிரலில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. லேபல் அச்சிடலுக்கென்றே வாங்கும் மென்பொருள்களோடு ஒப்பிடுகையில் கப்ஸ் தெளிவாகப் பின்தங்கும் இடம் இது.

அடுத்தது மின்சாரம். வரிசையில் உள்ள பணிகளைக் கப்ஸ் வட்டில் எழுதிவைப்பதால், கணினி அணைந்து எழுந்தாலும் அவை அழிவதில்லை. அலுவலகக் கடிதங்களுக்கு இது வரம். உற்பத்தித் திகதி அச்சிடும் லேபலுக்கோ, நேற்று மாலை நின்றுபோன பணி இன்று காலை யாரும் கேளாமலே நேற்றைய திகதியோடு வெளியே வருவது தலையிடி. 2022 இல் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தைக் கடந்து வந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சேவையகம் தொடங்கும்போதே பழைய பணிகள் அனைத்தையும் நீக்கும் ‘கான்சல்’ கட்டளை ஓடும்படி அமைத்துவிட்டோம். அதேபோல, அனுப்புவதில் தோல்வி ஏற்பட்டால் வரிசை முழுவதையும் நிறுத்திவிடும் கொள்கை அமைப்பில் இருக்கிறதா என்று பார்த்து, அதே பணியை மீண்டும் முயலும் கொள்கைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் வலையமைப்புக் கம்பி ஒருமுறை கழன்றதற்காக யாராவது வந்து வரிசையைக் கட்டளையால் திறந்துவிடும்வரை பொறி சும்மா இருக்கும்.

பல பொறிகளை ஒரு தொகுதியாக்கி, எது ஓய்வாக இருக்கிறதோ அதற்குப் பணியை அனுப்பும் வசதியையும் கப்ஸ் தருகிறது. லேபலுக்கு அதை நான் விரும்பவில்லை. இரண்டிலும் ஒரே றோல், ஒரே புள்ளி, ஒரே ரிபன் என்று எவராலும் எப்போதும் உறுதிகூற முடியாது.

விண்டோஸ் கணினிகளிலும் இதே வேலையைச் செய்யலாம். பகிரப்பட்ட பொறியின் பெயரைக் கொடுத்து ‘கொப்பி /பி’ என்ற கட்டளையால் கோப்பை உள்ளபடியே அதற்கு அனுப்பலாம். வரிசை நிர்வாகம் ஒன்றும் கேட்காத ஒற்றைக் கடைக்கு அதுவே போதும். பார்ரெண்டர் போன்ற கட்டண மென்பொருள்களும், கட்டளை வரியில் லேபல் கோப்பின் பெயரோடு பொறியின் பெயரையும் ஏற்கின்றன. வடிவமைப்புக்கு நல்ல திரை வேண்டும், கட்டளைகளோடு மல்லுக்கட்ட ஆளில்லை என்பவர்கள் அந்த உரிமத்துக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. எந்த வழியானாலும், விண்டோஸ் 10 இல் 2015 நவம்பர் இற்றைப்படுத்தலோடு வந்த, கடைசியாகப் பயன்படுத்திய பொறியையே பொதுப் பொறியாக மாற்றிக்கொள்ளும் அமைப்பை அணைத்துவிட வேண்டும். எங்கள் அலுவலகத்து விண்டோஸ் கணினிகள், கப்ஸின் 631 வாயில் வழியாக அதே பெயர்களுக்கே பணிகளை அனுப்புகின்றன. ஆகவே பெயர்கள் ஓரிடத்தில் மட்டுமே இருக்கின்றன.

செலவைப் பொறுத்தவரை, கப்ஸ் இலவசம். 1990களின் இறுதியில் மைக்கேல் சுவீட் எழுதத் தொடங்கிய இம்முறைமையை அப்பிள் நிறுவனம் 2007 இல் வாங்கியது. அதனால் மக் கணினியிலும் இதே ‘எல்பி’ கட்டளை இதே குறிகளோடு இயங்கும். இப்போது லினக்ஸ் உலகுக்கு அதைப் பராமரிப்பது ஓப்பன்பிரின்ரிங் குழு. பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவி நாங்கள் ஓட்டுகிறோம். இணைய இணைப்பு அறுந்தாலும் லேபல் நிற்பதில்லை. ஒன்றை மட்டும் நிறுவியவுடனே செய்ய வேண்டும்: வலையமைப்பிலுள்ள பொறிகளைத் தானாகத் தேடிச் சேர்க்கும் ‘கப்ஸ்-பிரவுஸ்ட்’ என்ற துணைச் சேவையை நிறுத்திவிட வேண்டும். 2024 செப்ரெம்பரில் வெளியான கடுமையான பாதுகாப்பு ஓட்டை அதில்தான் இருந்தது. பெயரும் முகவரியும் நாமே எழுதிக் கொடுக்கும் லேபல் சேவையகத்துக்கு அந்தத் தேடல் தேவையுமில்லை.

நீண்ட காலத்துக்கு இதை நம்பி இறங்குபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி, பொறியைச் சேர்க்கும்போதே திரையில் வருகிறது: உள்ளபடியே அனுப்பும் வரிசைகள் கைவிடப்பட இருக்கின்றன, வருங்காலப் பதிப்பொன்றில் அவை இயங்கா என்கிறது கப்ஸ். இப்போதைய 2.4 தொடரில் அவை இயங்குகின்றன. 3 ஆம் பதிப்பு வேறு அடிப்படையில் அமைகிறது. அதற்கு மாற்றாக, லேபல் பொறிகளுக்கென்றே மைக்கேல் சுவீட் எழுதிய ‘எல்பிரின்ற்’ என்ற சிறு செயலி இருக்கிறது. அதிலும் ‘-டி’ க்குப் பின்னால் பெயரைக் கொடுத்துத்தான் பணி அனுப்பப்படுகிறது, ஸீப்ரா, டைமோ வகைப் பொறிகளை அது நேரடியாகவே அறியும். கட்டளைகளை ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியே எழுதாமல், பொறியின் பெயரையும் லேபல் கோப்பையும் வாங்கி அனுப்பும் ஒரேயொரு நிரலுக்குள் வைத்திருப்பவர்களுக்கு, அந்த நாள் வரும்போது மாற்ற வேண்டியது ஒரு வரிதான்.